மாமாவின் குடுமியில் குடியிருந்த ரிப்பன்

மாமாவை நினைத்தால் அவருடைய தலையின் பின்பக்கம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். முகம் அப்புறம்தான். காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே போய் அவர் முன்னால் நிற்பேன். உடனே அவர் கையில் இருக்கிற செம்பையோ மண்வெட்டியையோ கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, முதுகைக் காட்டித் தலையைக் குனிவார். எண்ணெய் மினுங்கும் குடுமி. அதைச் சுற்றி என்னுடைய சிவப்பு ரிப்பன். ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பேன். "இருக்கா தாயி?" என்பார். "இருக்கு மாமா" என்பேன். "அப்ப வாரேன்" என்று எழுந்து கொடிக்காலுக்குப் போவார். நான் பதில் சொல்லாமல் அவர் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை.

அவர் என் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கோச்சடையில் வைகைக் கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலத்தில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அப்பாவுக்கு மில்லில் வேலை. நான் எழுவதற்குள் போய்விடுவார். ஆகவே கொடிக்காலும் மாமா பொறுப்பு, நானும் மாமா பொறுப்பு. பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு என்று நினைக்கிறேன், எனக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. இதில் எனக்கே நினைவிருப்பது பாதி. அம்மா சொல்லிச் சொல்லி என் கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிட்டது மீதி. எது எந்தப் பாதி என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியாது.

அந்த வருடம் மாசியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். பதினெட்டு நாள் இறங்கவில்லை. அம்மா பயந்துபோய், பிள்ளை பிழைத்தால் சித்திரையில் ஆற்றில் மொட்டை போடுகிறேன் என்று அழகருக்கு நேர்ந்துகொண்டாள். மருந்து வாங்க டவுனுக்குப் போன மாமா, மருந்தோடு ஒரு முழம் சிவப்பு ரிப்பனும் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டுப்போல வழுவழுவென்று இருக்கும். காய்ச்சல் விட்ட அன்றைக்கு என் தலையில் ஏறிய ரிப்பன் பிறகு இறங்கவே இல்லை. குளிக்கும்போது கையில் பிடித்துக்கொண்டே குளிப்பேனாம். தூங்கும்போது யாராவது அவிழ்த்தால் தூக்கத்திலேயே அழுவேனாம். "இவ ரிப்பனுக்குத்தான் உசுரு வந்துச்சு, அதோட சேந்து இவளும் பொழைச்சுக்கிட்டா" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அந்த ரிப்பனையும் நேர்த்திக்கடனையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஆற்றுமணலில்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, நடுமணலில் போட்டிருந்த ஓலைப்பந்தலில் வரிசையாக நாவிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் மொட்டை போட வேண்டும். மாமா மடியில் நானும் சமர்த்தாக உட்கார்ந்தேன். நாவிதர் ரிப்பனை அவிழ்த்து மணலில் வைத்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். முடி போய்விட்டால் ரிப்பன் எங்கே இருக்கும்? துள்ளிக் குதித்து ஓடினேன். பிடித்து வந்தார்கள். மறுபடி ஓடினேன். அம்மா ரிப்பனைக் கையில் கட்டிவிட்டுப் பார்த்தாள், கழுத்தில் கட்டிவிட்டுப் பார்த்தாள். பிய்த்துப் போட்டேன். "அது தலைக்கு, அது தலைக்கு" என்று ஒரே கத்தல். நாவிதர் கத்தியை மடக்கிவிட்டார். "ஆடுற தலையில நான் கத்தி வைக்க மாட்டேன்த்தா. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அழகர் ஒங்களையா கேப்பாரு, என்னையில்ல கேப்பாரு!"

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சாமிக்குச் சொன்னது நிற்கிறது, காய்ச்சல் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். "ஏன்டா தம்பி, நீ வாங்கியாந்த வினை, நீயே தீத்து வை" என்றாள்.

மாமா அன்றைக்கு ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். எனக்கு மொட்டை முடிந்த கையோடு, அதே நாவிதரிடம் தன் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வெட்டிக்கொள்வது என்று. அவருடைய கூட்டாளிகள் எல்லாம் கிராப்புக்கு மாறியாகிவிட்டது. அதோடு திருமங்கலத்தில் ஒரு பெண் பேசத் தொடங்கியிருந்தார்கள். வெற்றிலைக் கட்டு போடச் சந்தைக்குப் போன இடத்தில் அந்தப் பெண்ணை மாமாவே தூரத்திலிருந்து பார்த்திருந்தார், பிடித்துப்போயிருந்தது. அதெல்லாம் மனதில் இருந்தும், மணலில் கிடந்த ரிப்பனை எடுத்து உதறித் தன் குடுமியில் கட்டினார். வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டுவார்களே, இறுக்கவும் செய்யாமல் நழுவவும் செய்யாமல், அந்த முடிச்சு.

"ஒன் முடி வளர்ற வரைக்கும் ஒன் ரிப்பன் இங்கன இருக்கும். தெனம் வந்து பாத்துக்க. சரியா?"

சுற்றி வந்து பார்த்தேனாம். தொட்டும் பார்த்தேனாம். பிறகு பேசாமல் மடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேனாம். நாவிதர் முடித்துவிட்டு, சந்தனத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டே மாமாவைப் பார்த்து, "அப்ப ஒங்க கிராப்பு?" என்றார். "அடுத்த தடவ பாப்போம்" என்று மாமா எழுந்துவிட்டார்.

சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மறக்கவில்லை. அவரும் அவிழ்க்கவில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. தெருவில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா? "மாப்ள, ரிப்பன் வச்சாச்சு, பூ எப்ப வைக்கப் போற?" என்பார் ஒருவர். "சடங்குக்குச் சொல்லிவிடு மாப்ள, சீரோட வாரோம்" என்பார் இன்னொருவர். மாமாவுக்குக் கோபமே வராது. "எடத்த வாடகைக்கு விட்டுருக்கேண்ணே. காலி பண்ணுனா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்று போய்க்கொண்டே இருப்பார். சந்தைக்குப் போகும்போது மட்டும் மேலே ஒரு துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்வார்.

ஆவணியில் திருமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளையும் கூடப் போகிற வழக்கம் அப்போது எல்லா வீட்டிலும் இல்லை. பெண் வீட்டார்தான் பையனையும் கூட்டி வாருங்கள், பார்த்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். "இன்னைக்கு ஒரு நாள் அத அவுத்து வச்சிட்டு வாடா" என்று அம்மா கெஞ்சினாள். மாமா என்னிடம் வந்து, "தாயி, ஒரு நாளைக்கு மட்டும் பொட்டியில வைக்கட்டுமா?" என்று கேட்டார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தத் தலையாட்டல் என்னுடையதுதான். யாரும் சொல்லி வந்த நினைவு அல்ல. மாமா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் வந்தன. பெண்ணின் அப்பா, "தலைத்துண்ட எடுத்துட்டுச் சாவகாசமா ஒக்காருங்க" என்றார். "இருக்கட்டும்" என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார். மாமாவும் மறுபடி, "இருக்கட்டுங்க." பெரியவர்கள் முன்னால் தலைத்துண்டை எடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? தலையில் சொட்டையோ சொறியோ என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டார்கள். அது அம்மாவின் காதிலேயே விழுந்தது. அவள் என்ன செய்வது என்று திகைத்திருந்தபோது நான் அவள் மடியிலிருந்து இறங்கினேன். விடியுமுன் கிளம்பிய அவசரத்தில் அன்றைக்கு நான் ரிப்பனைப் பார்க்கவில்லை. நேராக மாமாவின் முதுகுப்பக்கம் போய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. மாமா வழக்கம்போலத் தலையைக் குனிந்து, "இருக்கா தாயி?" என்றார். "இருக்கு மாமா" என்றேன். யாரோ ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். மாமா நிமிர்ந்து, நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். பெண்ணின் அப்பாவும் சிரித்தார். காப்பி கொடுத்தார்கள். பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்து சொன்ன பதில் அம்மாவுக்குச் சாகிற வரைக்கும் மனப்பாடம். "பையன் தங்கமான பையன்தான். ஆனா அக்கா மக தலையாட்டுனதுக்கே இம்புட்டு ஆடுறவரு, அக்கா தலையாட்டுனா எம்புட்டு ஆடுவாரோன்னு யோசிக்கிறாங்க." அம்மா அன்று சமைக்கவில்லை. ரிப்பனை அடுப்பில் போடுகிறேன் என்று எழுந்தவளை மாமாதான் தடுத்தார். "அவங்க சொன்னதுல தப்பென்னக்கா இருக்கு? அவங்க பொண்ண அவங்க பாக்க வேணாமா?" என்றாராம். சொல்லிவிட்டுக் கொடிக்காலுக்குப் போனவர், இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினாராம். மறுநாள் காலையில் என் முன்னால் வழக்கம்போல் குந்தி உட்கார்ந்தார்.

தைப்பொங்கலுக்கு என் முடி கையில் அடங்குகிற அளவு வளர்ந்திருந்தது. என்னைக் குளிப்பாட்டி உட்கார வைத்து, மாமா தன் குடுமியிலிருந்து ரிப்பனை அவிழ்த்தார். எண்ணெயேறி, வெயிலில் வெளுத்து, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. என் தலைக்குக் கொண்டுவந்தார். அந்த வாரம்தான் அப்பா எனக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்திருந்தார். நான் கையை ஆட்டி ஆட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பனைப் பார்த்துவிட்டு, "நீயே வச்சுக்க மாமா" என்று ஓடிவிட்டேன்.

மாமா அதை மாட்டுப்பொங்கலன்று கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டார். அது எங்கே போய் உரசி எப்போது அறுந்ததோ தெரியாது. அடுத்த வாரமே அவர் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் கழித்துத் திருவாதவூரில் பெண் எடுத்தார். அத்தை வாய்க்காரி. "அந்தத் திருமங்கலத்துக்காரி தப்பிச்சுட்டா, நான் வந்து மாட்டிக்கிட்டேன். எல்லாம் ஒன்னால" என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள். இருவரும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

தரகர் சொன்னதை அம்மா எனக்கு என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அதைக் கேட்டபின் ஒருமுறை மாமாவிடம், "அன்னைக்குத் தெருமுனை தாண்டுனதும் அவுத்து மடியில வச்சிருக்கலாமே மாமா, எனக்கென்ன தெரியவா போகுது?" என்று கேட்டேன். "நீ கேட்டா இருக்குன்னு பொய் சொல்லணுமே" என்றார்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கண்ணில் புரை விழுந்து, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டார். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நின்ற ஓர் இடத்தில் அவராகவே மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டித் தலையைக் குனிந்தார். நாலு வெள்ளை முடி. நடுவில் வழுக்கை. நான் ஒரு விரலால் தொட்டேன்.

"இருக்கா தாயி?"

"இருக்கு மாமா."

"அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.