கை நிறைய

பூதலூர் சாலையில் இப்போது அந்தப் பாலிடெக்னிக் நிற்கிற இடம் முன்பு புது ஆற்றுத் தண்ணீரில் விளைந்த வயல். எல்லையம்மாள் அங்கே பதினைந்து வருஷம் நாற்று நட்டாள். மிராசுதார் நிலத்தை விற்றார், கட்டடம் எழும்பியது, அவள் செங்கல் சுமந்தாள். பிறகு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை. குனிந்து நட்ட இடத்திலேயே குனிந்து கூட்டினாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. தகப்பனில்லாத அவள் மகன் ராஜசேகர் அதே கட்டடத்துக்குள்தான் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தான்.

புன்னைநல்லூர் மாரியம்மனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆத்தா, எம்புள்ள கை நிறைய சம்பாரிக்கணும்."

படிப்பு முடிகிற சமயம் கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கே வந்து ஆள் எடுத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்குச் சாமான் செய்கிற கம்பெனி. ராஜசேகருக்கும் வேலை கிடைத்தது. காலேஜில் அவனுக்கு இரவல் டை கட்டி, வலது கையை விரித்து 'வாங்க' என்று கூப்பிடுகிற மாதிரி போட்டோ பிடித்தார்கள். வாசலில் பன்னிரண்டு அடிக்கு பேனர் ஏறியது. அதில் அவன் சுண்டு விரலின் வளைவுகூடத் தெரிந்தது. அவன் அப்பனுக்கும் அப்படித்தான் வளைந்திருக்கும். எழுதியிருந்ததை வாட்ச்மேன் படித்துச் சொன்னார்: "எங்களிடம் படித்தால் கை நிறையச் சம்பளம்." தான் சாமியிடம் கேட்ட வார்த்தை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேலைக்குப் போன ஏழாம் மாதம், பிரஸ் மெஷின் இறங்கி அந்தக் கையின் நான்கு விரலைக் கொண்டுபோனது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். டிரெய்னிக்கு நஷ்டஈடு எதுவும் கிடையாது என்று சொல்லி அவனை பஸ் ஏற்றிவிட்டார்கள். அவன் நின்ற மெஷினுக்கு அடுத்த வாரமே வேறொரு பையன் போனான். அவனும் இதே காலேஜ்தான்.

புண் ஆறவேண்டுமென்று எல்லையம்மாள் மாரியம்மனுக்கு ஒரு தகட்டுக் கை வாங்கிச் செலுத்தினாள். அதில் ஐந்து விரலும் இருந்தன.

பேனர் அப்படியே இருந்தது. காலேஜ் வாசல்தான் பஸ் நிறுத்தம். கட்டுப் பிரித்த பிறகு ராஜசேகர் முதல் தடவையாக அங்கே போய் நின்றபோது, பையன்கள் பேனரைப் பார்த்தார்கள், அவன் கையைப் பார்த்தார்கள்.

"அண்ணே, கை நிறையவா குடுத்தாங்க?"

அன்றிலிருந்து ஊரிலும் அவனுக்கு அதுவே பேர். "கைநிறைய வந்துட்டாப்ல, டம்ளர எடது பக்கமா வைங்கப்பா" என்றார்கள் டீக்கடையில். அவன் சாலைக்கு வருவதையே விட்டுவிட்டான்.

காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் கொண்டுவருகிற ஜெக்கரியா பாய்க்குத் தஞ்சாவூர் கீழவாசலில் இரும்புக்கடை. ஒருநாள் எல்லையம்மாளைக் கூப்பிட்டார்.

"நட்டு, போல்ட்டு சைஸு தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும்மா. ஒங்க மவன் பில்ல எடது கையால எழுதட்டும். ஒண்ணாந்தேதி ஒம்பது மணிக்குக் கடையில நிக்கணும். வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன், கோவிச்சுக்காதீங்க."

ஒன்பது மணிக்குப் போக எட்டு மணி பஸ்தான் உண்டு.

"அந்த பேனரு இருக்கற வரைக்கும் அங்க நிக்க மாட்டேம்மா" என்றான் ராஜசேகர்.

மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொள்பவர் ரெத்தினம். எல்லையம்மாள் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒண்ணாந்தேதிக்குள்ள அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க சார்."

"ஒம்மவன் மூஞ்சி ராசியான மூஞ்சி எல்லையம்மா. அத மாட்டின வருஷந்தான் ரெண்டு செக்‌ஷனும் நெறஞ்சுது."

"இப்ப அவனுக்கு அந்தக் கை இல்லீங்களே."

"அதுக்கு நாங்க என்ன பண்ண? காலேஜு வேலைய வாங்கிக் குடுத்துச்சு. வேலை கைய வாங்கிக்கிச்சு." சொன்னது அவருக்கே பிடித்துப்போய், பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள். பிள்ளைகளைச் சேர்க்க வந்த தாய் தகப்பன்கள் இந்த அம்மா யார் என்று விசாரிக்கத் தொடங்கியதும் ரெத்தினம் எழுந்து வந்தார்.

"எந்திரி முதல்ல. ஒண்ணாந்தேதிக்குள்ள ஒம்மவன் மூஞ்சி அங்க இருக்காது. போதுமா?"

அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாதக் கடைசி நாள், பொழுது சாய்கிற நேரம், பழைய பேனர் இறங்கிப் புதியது ஏறியது. வேலை முடிந்து வந்தவள் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தாள். யாரோ ஒரு சிவந்த பையனின் முகம். வீட்டுக்கு ஓடினாள்.

"எடுத்துட்டாங்க ராசா. வேற புள்ள படம். நான் கண்ணால பாத்தேன்."

ராஜசேகர் அன்றைக்குத் தானே சட்டை தேய்த்துக்கொண்டான், இடது கையால்.

மறுநாள் காலை வாசல் கூட்டும்போதுதான் அவள் பேனருக்கு நேர் கீழே நின்று பார்த்தாள். முகம் வேறு. டை வேறு நிறம். விரித்த கையில் சுண்டு விரல் வளைந்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல தலைய மட்டும் மாத்திட்டாங்களாம்" என்றார் வாட்ச்மேன். "கையி எடுப்பா இருக்குன்னு விட்டுட்டாங்க. ரெத்தினம் சார் மூஞ்சியத்தானே எடுக்கறேன்னாரு?"

மணி எட்டாகப்போகிறது. தலையைப் படிய வாரி, சாப்பாட்டுப் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு ராஜசேகர் வந்துகொண்டிருந்தான். எல்லையம்மாள் அவனுக்கும் பேனருக்கும் நடுவில் போய் நின்றாள். பன்னிரண்டு அடி பேனரை எந்த உடம்பால் மறைப்பது?

அவன் அண்ணாந்து பார்த்தான். நிறுத்தத்தில் நின்ற பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அது யார் கை என்று நிறுத்தத்தில் நின்றவர்களில் தாய்க்கும் மகனுக்கும்தான் தெரியும்.

பஸ் வந்தது. பையன்கள் ஏறினார்கள்.

"தம்பி, ஏறுறியா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே. நீங்க போங்க."

வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு அவன் வரப்பில் இறங்கி வந்த வழியே போனான். ஜெக்கரியா பாய் சொன்னபடியே வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அந்த வருஷமும் இரண்டு செக்‌ஷனும் நிறைந்தன.

எல்லையம்மாள் இன்றும் அந்த வாசலைத்தான் கூட்டுகிறாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள். ஆத்தாளைக் கும்பிடுவதோடு சரி, வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. எந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று பயம்.