சாமைக்கு மயக்க ஊசி போட்ட டாக்டரம்மா

கால்நடை டாக்டர் கனகவல்லி இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஓர் ஆட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காலை காவலூர் அஞ்சலகத்தைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தண்ணன் கிடாயைக் கயிற்றில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"இன்னாண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டு இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மா போறது? டாக்டரம்மா பூட்டாங்களாம். ராத்திரி படுத்தவங்க எந்திரிக்கவே இல்லையாம். பஸ்காரன் சொன்னான்."

எனக்கு முதலில் வந்தது பயம்தான். வீட்டில் எங்கள் முயல் சோளத்துக்குத் தாடை நனைந்திருந்தது. புல்லை மெல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை அவரிடம் கொண்டுபோய் மயக்க ஊசி போட்டுப் பல்லைச் சீர்செய்வதாக இருந்தது. ஒரு மனுஷி செத்துப்போனார் என்று கேட்டதும் முயலைப் பற்றி யோசித்தேனே என்று பிறகு கூசினேன். ஆனால் டாக்டரம்மா இருந்திருந்தால் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். "எந்தப் பக்கம் சாய்க்குது?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஆலங்காயத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் புதூர்நாட்டில் ஆடு வைத்திருப்பவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முட்ட வரும் காளையின் மூக்கணாங்கயிற்றை வெறுங்கையால் பிடித்து நிறுத்துவார். வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்றைத் தோள்வரை கைவிட்டு எடுப்பார். உங்களுக்கெல்லாம் அவர் தைரியசாலி. நான் அறிந்த டாக்டரம்மா வேறு. அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அந்த டாக்டரம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வானாய்வு மையத்தில் வேலை பார்த்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனபோது எங்களிடம் விட்டுப்போன ஜோடி அது. சாம்பல் நிறப் பெண் முயல் சாமை. வெள்ளை ஆண் முயல் சோளம். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று அசையாது. சாமை சாப்பிட்டால்தான் சோளம் சாப்பிடும். சோளம் படுத்தால் அதன் முதுகில் தலையை வைத்துத்தான் சாமை படுக்கும். எனக்கும் என் வீட்டுக்காரர் செல்வத்துக்கும் குழந்தை இல்லை. அதை வைத்து யாரும் எங்களைப் பார்த்து உச்சுக் கொட்ட வேண்டாம். முயல்கள் முயல்களாகத்தான் எங்கள் வீட்டில் இருந்தன. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன்பு சாமை சாப்பாட்டை விட்டபோது எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாமையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட வேண்டும் என்றார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எனக்கு பயமா இருக்குங்க."

"பயப்படுற டாக்டர்கிட்ட நான் எப்படிங்க நம்பி விடறது?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "மாட்டுக்கு மருந்து கொஞ்சம் கூடக்கொறைய போனா மாடு தாங்கும். இது தாங்காது. பயமில்லாத டாக்டர் வேணும்னா சொல்லுங்க, யாருன்னு விசாரிச்சுச் சொல்றேன். சீக்கிரமா முடிச்சிடுவாங்க."

அந்தச் 'சீக்கிரமா'வைக் கேட்டதும், மறுநாளே அவரிடம் கொண்டுவருவதாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். பைக்கில் வைத்துக் கொண்டுவரக் கூடாது, காற்றும் சத்தமும் ஆகாது. கூடையின் மேல் ஈரத்துணி போட வேண்டும். இரண்டும் படுத்துப் புரண்ட பழைய துண்டைத் துவைக்காமல் கூடைக்குள் விரிக்க வேண்டும். சோளத்தையும் கட்டாயம் கூட்டிவர வேண்டும். கடைசியாக, "எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. முயலுக்கு வாந்தி வராது. வயிறு நின்னுபோச்சுன்னா மறுபடி ஓட வைக்கிறது கஷ்டம். ஊசி போடற வரைக்கும் எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். நான் அன்று மாலையே ஈரம் போகாத அருகம்புல்லைத் தேடிப் பறித்துவந்து நிறைய வைத்தேன். சாமையும் வலியைப் பொறுத்துக்கொண்டு மெல்லிய தண்டுகளை மட்டும் மென்றது.

ஆனால் என் நாத்தனார் இந்திராணி அண்ணி எங்களோடுதான் இருக்கிறார் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. அண்ணிக்குக் கண்புரை அறுவை செய்தபோது வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் என்றால் அதுதான் முறை என்று அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. மறுநாள் விடியற்காலை, நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே எழுந்து, பாசத்தோடு, சாமையின் முன்னாலிருந்த புல்லையெல்லாம் எடுத்துவிட்டார். பிறகு அதன் நெற்றியிலும் முதுகிலும் மஞ்சளும் விபூதியும் பூசி, கற்பூரம் கொளுத்தித் திருஷ்டி கழித்தார். நான் எழுந்தபோது அண்ணி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். சாமை ஈரத்துணிக்கடியில் கூடைக்குள் இருந்தது. மஞ்சள் வாசனையை நான் அண்ணியுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

வாடகை ஜீப் மலை இறங்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கூடைக்குள் சோளம் பின்னங்காலால் டப் டப்பென்று அடித்தது. எட்டிப் பார்த்தால் அது சாமையிடமிருந்து விலகி மூலையில் ஒடுங்கியிருந்தது. சாமை பக்கத்தில் போனால் சோளம் உறுமியது. இரண்டும் சேர்ந்திருந்த இத்தனை காலத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கூடையை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டையும் இழக்கப் போகிறோம் என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா துணியை விலக்கியதும், "காலையில இன்னா சாப்டுச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. செல்வம் அக்காவுக்குப் போன் போட்டார். அண்ணி பெருமையாகச் சொன்னார். "பச்சத்தண்ணி கூட குடுக்கல தம்பி. எல்லாம் சுத்தமா பண்ணித்தான் அனுப்பியிருக்கேன்."

செல்வத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, அவர் அந்த அண்ணிக்குத் தம்பி என்பதால். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. ஊசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "மொதல்ல சாப்பிடட்டும். மத்தியானம் பாத்துக்கலாம்." கொத்தமல்லித் தழையையும் ஊறவைத்த தீவனத்தையும் சாமையின் வாயருகே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெளியே மாடுகள் காத்திருந்தன. அவர் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மீண்டும் தரையில் உட்கார்ந்தார்.

சோளம் மட்டும் அடங்கவில்லை. மஞ்சள், விபூதி, கற்பூரப் புகை எல்லாம் சேர்ந்து சாமை அதற்கு வேறு ஏதோ முயலாகிவிட்டிருந்தது. நான் ஈரத்துணியால் சாமையைத் துடைக்கப் போனேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். ஈரம் பட்டால் மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுப்போகும் என்றார். பிறகு செல்வத்திடம், "எதிர்ல அம்மன் கோயில்ல போய் மஞ்சளும் விபூதியும் வாங்கிட்டு வாங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"அவனுக்கும் பூசலாம்."

சோளத்தின் நெற்றியிலும் முதுகிலும் அவரே பூசினார். அந்தப் பழைய துண்டால் இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டார். சோளம் தன் காலை நக்கியது, தும்மியது, பிறகு மெல்ல நகர்ந்து வந்து சாமையின் காதை மோந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த நேரத்தில் அண்ணியை நான் முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், பாதி மன்னித்தேன்.

மத்தியானம் சாமையை மறுபடி எடைபோட்டு மருந்தை அளந்தார். ஊசியைக் கையில் எடுத்த பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு பயமா இருக்குங்க. உங்களுக்கு?"

"எனக்கும்தாங்க."

"சரி. அப்போ ரெண்டு பேரும் கவனமா இருப்போம்."

சாமையின் தலை என் உள்ளங்கையில் தொய்ந்து விழுந்தது. உயிரோடிருக்கும் ஒன்று அவ்வளவு கனமில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பல் தேய்க்கும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. அது விழிப்பதுதான் நடக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மா "மூச்சு வருது" என்றார். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு கட்டத்தில் "மூச்சு வருது" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபடியே இருந்தார். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. பக்கத்துக் கூடைக்குள் சோளம் மூங்கிலைப் பிறாண்ட ஆரம்பித்தது. கூடையைச் சாமையின் மூக்குக்கு அருகே நகர்த்தி வைக்கச் சொன்னார், திறக்க விடவில்லை. தடுமாறும்போது ஒன்றையொன்று மிதித்துவிடுமாம்.

"காது ஆடுச்சு" என்றார் செல்வம்.

ஆடியிருந்தது. மறுபடியும் ஆடியது. சாமை தலையைத் தூக்கியது, விழுந்தது, பிறகு உட்கார்ந்தது. நன்றாகத் தெளிந்த பிறகு ஒரு கொத்தமல்லி இலையை இழுத்து மென்றது. அப்போதுதான் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அன்று மாலை போன் செய்து, "புழுக்கை போட்டுச்சா?" என்று கேட்டார். போட்டிருந்தது. முயல் புழுக்கையைப் பார்த்து நான் அழுததை செல்வம் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

போன வருஷம் அவருக்கே பித்தப்பையில் கல். வாணியம்பாடியில் ஒரு மருத்துவமனையில் அறுவை. டாக்டரம்மாவுக்கு வீட்டில் வேறு யாரும் கிடையாது. அவருக்கு எவ்வளவோ பேரைத் தெரியும், ஆனால் போன் எனக்கு வந்தது.

"சாமைக்கு சோளத்தக் கூட்டிட்டு வரச் சொன்னேன் இல்லீங்களா. எனக்கு யாருங்க வர்றது?"

"நான் வர்றேன்" என்றேன்.

கட்டிலில் பச்சை உடுப்போடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார். "பயமா இருக்குங்க. முயலா இருந்தா பட்டினி கூட போட மாட்டாங்க." அண்ணி கொடுத்தனுப்பியிருந்த விபூதியை அவர் நெற்றியில் பூசினேன். அவர் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி என் நெற்றியிலும் பூசிவிட்டார். அறுவை நல்லபடி முடிந்தது. விழித்ததும் என்னைப் பார்த்து, "இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

இந்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட நேரமும் இருந்திருக்காது. தூக்கத்திலேயே போனது நல்ல சாவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை திங்கட்கிழமை. திருப்பத்தூரில் ஒரு டாக்டரை விசாரித்துப் பேசியிருக்கிறேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சின்ன வேலைதாங்க, பயப்படாதீங்க" என்றார். நான் பயப்படுவேன் என்று சொன்னேன். இரண்டு முயலும் வரும் என்றும் சொன்னேன். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். பயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. யாரையும் தனியாக அனுப்பவும் மாட்டேன்.

துவைக்காத துண்டைக் கூடைக்குள் விரித்துவிட்டேன். புல் நிறைய இருக்கிறது. அண்ணி அதைத் தொட மாட்டார். சற்றுமுன் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"நாளைக்கு ரெண்டுத்துக்கும் பூசிடவா?"

"எனக்கும் சேத்துப் பூசுங்க அண்ணி" என்றேன். "பயமா இருக்கு."