நான்கு முழம் குறைந்த கோடி

என் தங்கையின் உடல்மேல் நான் போர்த்திய கோடிச் சேலை நான்கு முழம் குறைவு. பிறந்த வீட்டுக் கோடி அண்ணன் கையால்தான் விழவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆரணியிலிருந்து சிங்கப்பூருக்கு அதை எடுத்துப்போனவன் நான். நெய்தவன் அவளுடைய ஒரே மகன். அவன் வரவில்லை. வந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

பதினேழு வயதில் பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மறுத்துவிட்டான். அங்கே நிரந்தரமாகத் தங்கியவர்களின் பையன்களும் இரண்டு வருஷம் கட்டாயமாக ராணுவத்தில் இருக்கவேண்டும். "துப்பாக்கிய தொடமாட்டேன் மாமா. யாரச் சுடறதுக்குக் கத்துக்கணும்?" என்றான். பட்டுப்புழுவை வேகவைத்து எடுத்த நூலில் பிழைக்கிற வீட்டில் வந்து இதைச் சொல்கிறானே என்று என் மனைவி சீண்டினாள். அவன் சிரிக்கவில்லை.

தங்கை போனில் கெஞ்சினாள். "ரெண்டே வருஷம்ண்ணா. அனுப்பிடு. இல்லன்னா அப்புறம் அவன் இங்க காலே வெக்க முடியாது." நான் நியாயஸ்தன் மாதிரி, "புள்ள மனசு ஒப்பலன்னா வுட்டுடும்மா" என்றேன். உண்மை வேறு. என் பிள்ளைகள் இருவரும் பெங்களூர் போய்விட்டார்கள். தறி சும்மா கிடந்தது. மருமகனுக்கு நல்ல கைவாகு. அவனுடைய கொள்கை எனக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் தங்கைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்று அவன் என் எதிரே வந்து நின்றான். எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா அழுதுகினே இருக்காங்க மாமா. தண்டனை குடுத்தா குடுக்கட்டும். துப்பாக்கி தூக்கச் சொன்னாலும் தூக்கறேன். போறேன்."

முந்தின நாள்தான் தறியில் புதுப் பாவு, நெய்வதற்கான நீள இழைகள், ஏற்றியிருந்தோம். ஏற்றிய பாவை நடுவில் அறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "முடிச்சுட்டுப் போடா" என்றேன். அவன் நம்பினான். ராப்பகலாக நெய்து முடித்தான். நான் இன்னொரு பாவு ஏற்றினேன். "அம்மாவுக்கே ஒரு சேலை நெய்ஞ்சி எடுத்துகினு போ" என்றேன். அதற்கும் தலையாட்டினான்.

அந்தச் சேலை முடியுமுன் போன் வந்தது. அவன் அழவில்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சேலையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, நெய்தது வரைக்கும் அறுத்து, மடித்து என் கையில் கொடுத்தான்.

நான் திரும்பி வந்தபோது ஒன்றுதான் கேட்டான். "அம்மாவுக்குப் பத்துச்சா மாமா?"

"பத்துச்சுடா" என்றேன்.

அறுத்த இழைகள் இன்னும் அந்தத் தறியில் தொங்குகின்றன. அவன் அதில் உட்காருவதில்லை, நானும் சொல்வதில்லை. அன்று கத்தரிக்கோலை எடுக்கும்போது அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், இன்னும் நான்கு முழம்தானே, முடிச்சுட்டு அறுடா என்றுதான் சொல்லியிருப்பேன்.