ஒன்றரைக் கிலோ நங்கூரமும் என் மச்சானும்

நங்கூரம் விற்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: விற்ற பொருள் ஒழுங்காக வேலை செய்தால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், சொதப்பினால் மட்டும் ஊருக்கே தெரியும்.

கடலூர் முதுநகரில் முப்பது வருஷமாகக் கயிறும் நங்கூரமும் விற்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் என் பெண்டாட்டியின் தம்பி பாஸ்கரன் சிதம்பரத்தில் அதே மாதிரி ஒரு கடையைப் போட்டான். அதில் கயாக் என்கிற ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகையும் தொங்கவிட்டான். மச்சான் முன்னேறுவதைப் பார்த்துச் சோறு இறங்காமல் தவித்தவர்கள் யாராவது இருந்தால் கிட்ட வாருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

எட்டுக் கிலோ

சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு இன்ஜினியர், கயாக்கில் போய் மீன் பிடிக்க நங்கூரம் கேட்டு வந்தார். எட்டுக் கிலோ இரும்பை எடுத்துக் கொடுத்தேன். இதன் அண்ணனைப் போட்டு இழுத்தபோது துறைமுகமே நாலு விரற்கடை கிழக்கே நகர்ந்தது என்றும் சொன்னேன். நேரில் பார்த்த சாட்சிகள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

இரண்டாம் நாள் அதைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். முன்னால் வைத்தால் படகு வாத்து மாதிரி தலையை முக்குகிறதாம், பின்னால் வைத்தால் குதிரை மாதிரி எழும்புகிறதாம். என்னிடம் வருவதற்கு முன்பே சிதம்பரம் போய், குடை போல மடங்குகிற ஒன்றரைக் கிலோ நங்கூரம் வாங்கிவிட்டார். பையிலிருந்து எடுத்து என்னிடமே விரித்துக் காட்டினார். “நீங்க குடுத்தது கப்பலுக்குங்க. உங்க மச்சான், படகு எவ்ளோ நீளம், போற எடத்துல சேறா மணலான்னு கேட்டுட்டுதான் சாமானையே கையில எடுத்தாரு.”

பத்தடிக் கயிறு

அடுத்து, புதிதாகக் கயாக் வாங்கியிருந்த ஸ்டெல்லா டீச்சர். உப்பனாற்றில் பத்தடி ஆழம் என்றார், பத்தடிக் கயிறு வெட்டினேன். இத்தனை வருஷமும் படகுக்காரர்கள் அளவு சொல்வார்கள், நான் வெட்டுவேன், கணக்கு அவர்களுடையது. உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், வெளியே விடாதீர்கள்: நான் அதுவரை படகில் ஏறியதே இல்லை.

நங்கூரம் அந்தரத்தில் தொங்க, வற்றம், அதாவது கடலுக்குத் திரும்பி இறங்கும் நீரோட்டம், டீச்சரையும் கடல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு மீன்பிடிப் படகு கட்டி இழுத்து வந்தது. மறுநாள் கடைக்கு வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். “உங்க மச்சான் சொல்றாரு சார், நங்கூரம் தொங்கக் கூடாதாம், தரையில படுத்தாத்தான் கடிக்குமாம். பத்தடி ஆழத்துக்கு அறுவது அடி கயிறாவது விடணுமாம்.”

கிள்ளையில் ஒரு ஞாயிறு

டீச்சரும் இன்ஜினியரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து குழுவானார்கள். கிள்ளை உப்பங்கழியில் யார் நன்றாகக் கற்றுத் தருகிறாரோ, இனிமேல் சாமான் எல்லாம் அவர் கடையில்தான் என்று முடிவு. நானும் வருகிறேன் என்றேன். பின்னே, விட்டுக்கொடுப்பேனா?

பாஸ்கரன் நெஞ்சில் விசிலும் கயிறு அறுக்கும் கத்தியும் கட்டியிருந்தான். எனக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை அவனே இறுக்கினான். நங்கூரக் கயிற்றைப் படகின் மூக்கிலோ வாலிலோதான் கட்ட வேண்டும், நடுவில் கட்டவே கூடாது என்றான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை மூக்குக்குத் தள்ள ஒரு கப்பி வைத்திருந்தான். ஆபத்தென்றால் சட்டென்று கழற்றிவிட ஒரு கொக்கி, கழற்றிய கயிறு தொலையாமல் இருக்க ஒரு மிதவை. தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தால் நங்கூரமே போடாதீர்கள் என்றும் சொன்னான். எல்லாரும் அவனை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டதில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

படகில் ஏறினேன், நங்கூரத்தைப் போட்டேன், கைக்கு எட்டிய இடத்தில் கயிற்றைக் கட்டினேன். அதாவது, நடுவில். வற்றம் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தது. அடுத்த நொடி நான் தண்ணீரில், படகு என் தலைமேல். காலில் கயிறு. பாஸ்கரன் நாலே துடுப்பில் வந்து கயிற்றை அறுத்து, ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கினான். “மாமா, மூச்ச வுடுங்க, ஒண்ணுமில்ல,” என்று காதோரம் சொன்னான்.

கரையில் ஆறு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என் முப்பது வருஷத்துக் கதையும் என் வேட்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்கரன் கண்ணைக்கூட இமைக்கவில்லை. நடுவில் கட்டினால் என்ன ஆகும் என்று காட்ட மாமாவை அவன்தான் கவிழச் சொன்னானாம், இந்த வயசில் இதை வேறு யாரும் செய்ய மாட்டார்களாம். ஆறு பேரும் கை தட்டினார்கள். டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “அப்போ சாமான்லாம் மாஸ்டர்கிட்ட வாங்கிக்கறோம், வாராவாரம் சார் வந்து கவுந்து காட்டட்டும்.”

உயிர் போகாததும் வியாபாரம் போனதும் ஒரு பக்கம் கிடக்கட்டும், முப்பது வருஷமாக நான் அவிழ்த்துவிட்ட பொய்களுக்கெல்லாம் சேர்த்து விழாத கைதட்டலை ஒரே பொய்யில் வாங்கிவிட்டானே மச்சான், அதைத்தான் தாங்க முடியவில்லை.