என் முகத்தின் மேல் நெல் காய்ந்த நாள்

நான் அயர்லாந்துக்குக் கிளம்பியது மாசி மாதக் கடைசியில். ஆனால் கிளம்பிவிட்டதாக எங்கள் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைத்தது தை பிறந்த மறுநாள். இடையில் கிடந்த அந்த நாட்களைப் பற்றி நானே எழுதிவிடுவது நல்லது. வேறு யாராவது எழுதினால் கூட்டிச் சொல்லிவிடுவார்கள், அதற்கு அவசியமே இல்லை.

குடவாசல் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பன்னிரண்டு வருடம் மாஸ்டராக இருந்தேன். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். இரண்டு தடவையும் எட்டாம் வகுப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவனை பேங்க் கேஷியரும், வக்கீலும், இன்ஜினியரிங் முடித்த பெண்களும் ‘சார்’ என்று கூப்பிடுகிற ஒரே இடம் அந்தப் பழைய வெள்ளைக் கார். கதவுக்கு வெளியே நான் ‘ஏய்’, ‘தம்பி’, ‘இவனே’. உள்ளே ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் சார்.

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இனி எனக்கு நஷ்டமில்லை. மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டால் போதும். மிச்சத்தை என் கால்கள் பார்த்துக்கொள்ளும். நடுநடுவே நான், “சூப்பரா ஓட்டுறீங்க” என்பேன். டெஸ்ட் நாளிலும் இதே கூத்துதான். பின்சீட்டில் உட்காரும் அதிகாரிக்குத் தெரிவது எங்கள் இரண்டு தலைகள் மட்டும். எங்கள் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். எல்லாம் என் இரண்டு கால்கள் பாஸ் பண்ணியவை.

என் மனைவி நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருடம். அதில் ஒரு வருடம் வீட்டில், இரண்டு வருடம் போனில். அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனவள், ஒரு காகிதம் விடாமல் சேர்த்து எனக்கும் விசா எடுத்துவிட்டாள். மாசி முடிவதற்குள் நான் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விசா வந்த சந்தோஷத்தில் எங்கள் முதலாளி ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். கூலிங்கிளாஸ் போட்ட என் முகம், பின்னால் ஒரு விமானம், மேலே ‘அயர்லாந்து சென்றுவிட்ட எங்கள் மாஸ்டருக்கு வாழ்த்துகள்’. “இன்னும் போகலையே முதலாளி” என்றேன். “அதெல்லாம் போயிருவே. எழுத்து நெறையா இருந்தாதான் போர்டு பாக்க நல்லாருக்கும்” என்றார். வீட்டில் கெடா வெட்டி சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். வந்தவர்கள் கையைப் பிடித்து அழுது, எலும்பைக் கடித்து, விபூதி பூசிவிட்டுப் போனார்கள்.

அதற்கு மறுநாள் நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன்.

காரணம் இதுதான். விருந்து முடிந்த சாயங்காலம் போனில் மனைவி சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னாள். “இங்க வந்தா உங்க லைசென்ஸை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் ஓட்ட முடியாதுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எல் போர்டு மாட்டணும், பன்னெண்டு கிளாஸ் போகணும்.”

“யாரு, நானா?”

“இல்ல, உங்க முதலாளி.”

பயம் விமானத்தின் மேல் இல்லை, குளிரின் மேல் இல்லை, இங்கிலீஷின் மேல்கூட இல்லை. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். வண்டி ஓட்டத் தெரியாது என்பதுதான் புதிது. பன்னிரண்டு வருடமாக நான் வலது பக்கம் உட்காரவே இல்லை. ஒருநாள் விடியற்காலை யாருக்கும் தெரியாமல் ஸ்கூல் காரை எடுத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டி மூன்று குதி குதித்து அணைந்தது. எதிரே பால் கேனோடு வந்தவர், “யாரு புதுசா கத்துக்கிறது?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டுமே. அதற்குக் கிடைத்தவர்தான் டீச்சர்.

டீச்சர் நாகப்பட்டினத்துக்காரர். எங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர், வயதில் என்னைவிட ஒன்றிரண்டு சின்னவர். பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குப் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்பதால் கார் கற்றுக்கொள்ள வந்தார். அவரிடம் வேறு எந்த ஸ்டூடண்டிடமும் இல்லாத ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புரிந்தால்தான் தலையாட்டுவார். பதினைந்து நாள் முடிந்ததும் “டெஸ்டுக்குப் போலாம் டீச்சர்” என்றேன். “எனக்கு வந்துருச்சுன்னு எனக்குத் தெரியட்டும் சார், அப்பறம் போலாம்” என்றார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

“ஒரு டீச்சருங்க. பாதியில விட்டுட்டு வந்தா நல்லாருக்காது. அவங்க லைசென்ஸ் வாங்குனதும் கெளம்பிடுறேன்” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். இரண்டாவது தடவை டிக்கெட்டைத் தள்ளியபோதும் அதையே சொன்னேன். இந்தத் தடவை அவள் புதுத் தேதியை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

கடைத்தெருவில் நிலைமை மோசமானது. ஃப்ளெக்ஸில் நான் அயர்லாந்தில் இருக்கிறேன், அதற்குக் கீழே டீ குடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

“என்ன மாஸ்டர், ஃப்ளைட்டு தஞ்சாவூர் தாண்டி பூதலூர்ல பஞ்சராகி நிக்கிதா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“விசாவுல சின்ன வேலை இருக்குண்ணே.”

“இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா நான் அந்தக் கெடா விருந்துக்கு வந்திருந்தேன். ரெண்டு தடவ கறி வாங்கிச் சாப்ட்டேன். நீ போகலேன்னா எனக்கு மனசு உறுத்தும்.”

அதற்குப் பிறகு கடைத்தெரு வழியாக வண்டியை விடாமல் வயல்காட்டு ரோட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் பார்த்தால் ஃப்ளெக்ஸைக் காணோம். யாரோ கட்டுக்கம்பியோடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பிள்ளையாருக்கு ஒரு சூடம் ஏற்றினேன்.

மாசி என்றால் எங்கள் பக்கம் சம்பா அறுப்பு. அறுத்த நெல்லைக் காயப்போட ரோட்டைவிட நல்ல களம் கிடையாது. பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் பாதியில்தான் பஸ், லாரி, அறுப்பு மெஷின் எல்லாம் போகும். நெல்லில் சக்கரம் ஏறினால் அன்று அந்த டிரைவரின் மூன்று தலைமுறைக்கும் பாட்டு உண்டு. அதனால் நெல் கண்ணில் பட்டாலே என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

டீச்சர் இதைக் கவனித்திருக்கிறார்.

“சார், நான் கால வைக்கிறதுக்கு முன்னாடியே வண்டி நிக்கிதே, எப்புடி?”

“அது வண்டிக்கு உங்க மேல ஒரு மரியாத டீச்சர்.”

அவர் தலையாட்டவில்லை.

விசாக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று கிளாஸ் நடுவில் என் போன் அடித்தது. மனைவி. கைபட்டு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. “மூணாவது தடவையும் மாத்தப் போறீங்களா? நேராச் சொல்லுங்க. அந்த டீச்சர் எப்பதான் கத்துக்கப் போறாங்க?” என்றாள்.

நான் அணைப்பதற்குள் டீச்சர் வண்டியை ஓரங்கட்டி, போனைப் பார்த்துப் பேசினார். “அக்கா, நான்தான் அந்த டீச்சர். என்னாலயா இவரு வராம இருக்காரு?”

“ஆமா டீச்சர். நீங்க லைசென்ஸ் வாங்குனாத்தான் வருவாராம்.”

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் நான் பார்த்த அதே பார்வை.

“எங்க ஸ்கூல்ல ஒரு பய இருக்கான் சார். பரீட்ச அன்னிக்கு மட்டும் வயித்துவலின்னு சொல்லுவான். நான்தான் உங்க வயித்துவலியா?”

போனிலிருந்து மனைவி கேட்டாள், “என்ன பயம் உங்களுக்கு?”

“எல் போர்டு” என்றேன்.

இரண்டு பெண்களும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மனைவி, “நான் இங்க எத்தன மாட்டியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள். ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். “கால மேல தூக்குங்க சார்.”

“டீச்சர்?”

“ரெண்டு காலையும் சீட்டு மேல வச்சு சம்மணம் போடுங்க. என் கண்ணுக்குத் தெரியணும்.”

போட்டேன். முழங்கால் ஒன்று கியரில் இடித்தது, இன்னொன்று கதவில் இடித்தது. பந்தியில் இலைக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி இரண்டு தடவை அணைந்து, மூன்றாவது தடவை நகர்ந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கார் என் கால் படாமல் ஓடியது. எனக்கு அந்த ஊர்ச் சாமிப் பேரெல்லாம் ஞாபகம் வந்தது.

வளைவைத் தாண்டினால் நெல். இடது பாதி ரோடு முழுக்கப் பரப்பியிருக்கிறது. வலது பக்கம் வாய்க்கால். நடுவில் இருக்கும் வழியில் எதிரே மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது.

சம்மணத்துக்குள்ளேயே என் வலது கால் என் இடது தொடையைப் போட்டு மிதித்தது. டீச்சர் கிளட்சை அமுக்கினார், பிரேக்கை அமுக்கினார், வண்டி நின்றது. மினிபஸ் எங்களை உரசாமல் போயிற்று. சக்கரத்துக்கும் நெல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “சார், நீங்க ரோட்டுல படுத்திருக்கீங்க.”

இறங்கிப் பார்த்தேன். நெல்லுக்கு அடியில் விரித்திருந்தது என் ஃப்ளெக்ஸ். விமானத்தை நெல் மூடிவிட்டது. மூடாமல் கிடந்தது ஒரு காதும், கூலிங்கிளாஸில் பாதியும், ‘சென்றுவிட்ட’ என்ற வார்த்தையும். சக்கரம் என் காதுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

நெல்லுக்குக் காவலாகக் குடைபிடித்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து எழுந்து வந்தது.

“நீயா தம்பி? நீதான் போயிட்டியேன்னு அவுத்தாந்தேன். போனவனுக்கு எதுக்கு போர்டுன்னு.”

“பரவால்லம்மா.”

“நல்ல ஃப்ளெக்ஸுப்பா. சாயம் நெல்லுல ஒட்டல. ஆமா, போகலியா நீ?”

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி எனக்காகக் காத்திருந்தார்.

“போறேம்மா” என்றேன். “இந்த வாரம்.”

“அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, காலால் நெல்லைத் தள்ளி என் காதையும் மூடிவிட்டது.

நான்கு நாள் கழித்து டெஸ்ட். நான் சம்மணத்தில் இருந்தேன். பின்சீட்டில் ஏறிய அதிகாரி எட்டிப் பார்த்து, “ஏம்ப்பா, கால்ல அடியா?” என்று கேட்டார். “ஆமா சார், சுளுக்கு” என்றேன். டீச்சர் ஒரு இடத்தில் வண்டியை அணையவிட்டார், மறுபடி கிளப்பினார், ஓட்டி முடித்தார். பாஸ். அன்றைக்கு வந்த அளவு சந்தோஷம் வேறு யார் பாஸ் ஆனபோதும் எனக்கு வந்ததில்லை. எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை என்பதுதான் காரணம்.

முதலாளியிடம் சாவியைக் கொடுத்தேன். “இன்னொரு ஃப்ளெக்ஸ் அடிக்கவா?” என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். டீச்சர் புதிதாக வாங்கியிருந்த காரில் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது “வரேன் டீச்சர்” என்றேன். “பத்திரமா போய்ட்டு வாங்க சார். பன்னெண்டு கிளாஸும் ஒழுங்காப் போங்க” என்றார்.

விசாவுக்கு இரண்டு நாள் மிச்சம் வைத்து அங்கே போய் இறங்கினேன். வெளியே மனைவி நின்றிருந்தாள். இரண்டு வருடத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், “டாக்ஸி எங்க?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு சின்ன நீலக் காரின் டிக்கியைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

“எப்பக் கத்துக்கிட்ட?”

“போன வருஷம். மொத டெஸ்டுல ஃபெயிலு. உங்ககிட்ட சொன்னா போன்லயே கிளாஸ் எடுப்பீங்கன்னு சொல்லல.”

வழக்கமான இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒரு பெரிய ரவுண்டானாவுக்குள் நுழைந்தது. மூன்று பக்கமும் வண்டிகள். என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது, இடது கால் கிளட்சைத் தேடி மிதித்தது. அங்கே கால் வைக்கிற வெறும் ரப்பர் மேட்டுதான் இருந்தது.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மேட்டு கிழிஞ்சிரும்.”

“என்னது?”

“டீச்சர் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஷூவைக் கழட்டிட்டு கால மேல வைங்க.”

புது ஷூ, முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து அவிழ்க்க நேரமாயிற்று. அதற்குள் இரண்டு சிக்னல் வந்தது. இரண்டிலும் வண்டி நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை.