அருணா டீச்சர் வைத்த முறை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. அதைக் கட்டி ஆள்பவள் அருணா டீச்சர். அவள் குரல் எழும்பினால் பக்கத்து ஷெட்டில் மெஷின் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை!

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். சின்ன வயதில் சரியான சண்டைக்காரி. "அப்பன் கொணம் அப்படியே வந்துக்கீது, இது மாறாது" என்று குப்பமே முத்திரை குத்தி வைத்தது. குணம் ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா, தெரிந்தே தீருவேன் என்று ரோஷத்தோடு கிளம்பினாள். இதே கம்பெனிக்கு வேலைக்கு வந்துபோகும் பஸ்ஸில் நின்றுகொண்டே புத்தகம் புரட்டி, தபால் வழியில் உளவியல் பட்டம் வாங்கினாள். ரோஷப்பட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு, அதை வைத்துப் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்?

அந்தக் காப்பகத்துக்கு நாலு வயது சத்யா வந்து சேர்ந்தாள். அவள் அம்மா ரம்யா பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவள், புதுவாயலில் ஒற்றை அறை வாடகை. புருஷன் போன இடம் தெரியவில்லை. ஷிப்ட் மாற மாறக் குழந்தையும் கை மாறினாள். கொஞ்ச நாள் கடம்பத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீடு, கொஞ்ச நாள் பள்ளிப்பட்டில் ஒரு வீடு, நடுவில் அக்கம்பக்கம்.

சத்யா கடிப்பாள். காப்பகத்தில் இருந்த ஒரே ஒரு மூன்று சக்கர சைக்கிளை யார் தொட்டாலும் பல் பதிந்துவிடும். கோபால் என்கிற பையனின் கையில் ரத்தமே வந்துவிட்டது. பெற்றவர்கள் திரண்டுபோய் நிர்வாக அதிகாரி எபினேசரிடம் முறையிட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், என்ன செய்வார்?

"மாசக் கடைசி வரைக்கும் பாருங்க அருணா. அப்பவும் கடிச்சா வேற வழியில்ல, நிறுத்திடணும். சில கொழந்தைங்க கொணமே அப்படி."

அருணாவுக்குச் சுருக்கென்றது. தன்மேல் குத்திய அதே முத்திரை! காப்பகம் இல்லையென்றால் ரம்யாவுக்கு வேலை இல்லை. குழந்தை மறுபடி வீடு வீடாகப் போக வேண்டியதுதான்.

படித்த படிப்பையெல்லாம் இறக்கினாள். பாராட்டினால் நல்ல பழக்கம் வேரூன்றும் என்றது ஒரு கொள்கை. கடிக்காத நாளுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தாள். சத்யா அதை வாங்கிக்கொண்டு, கடித்த இடத்தில் கோபாலுக்கே ஒட்டிவிட்டாள். பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள் என்றது இன்னொரு கொள்கை. அருணா ஒரு பொம்மையை மடியில் வைத்து அன்பாகத் தடவிக் காட்டினாள். சத்யாவும் அன்பாகத் தடவினாள், பிறகு அதன் காதைக் கடித்தாள்.

கடைசியில் அருணா தன் குப்பத்து வழக்கத்துக்கே போனாள். அங்கே ஏரியில் எந்த நாள் யார் வலை இறக்குவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள், சண்டை வராது. அதேபோல டப்பாவில் கலர் மணிகளைப் போட்டுக் குலுக்கி, சைக்கிளுக்கு ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தாள். சத்யாவின் மணி கடைசியாக வந்தது. முதல் மணிக்காரனை அவள் அங்கேயே கடித்தாள்.

அன்று மாலை பஸ்ஸில்தான் அருணாவுக்குப் பளிச்சென்றது. முறை என்றால் கட்டாயம் வரும் என்பது குப்பத்துப் பிள்ளைக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும் அவன் முறையில் பங்காளிகள் மீன் பிடித்து அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சத்யாவுக்கு யார் அப்படி எதை வைத்திருந்தார்கள்? இந்த உலகத்தை நம்பலாமா கூடாதா என்பதுதான் குழந்தை படிக்கிற முதல் பாடம், அது தவறினாலும் பிறகு ஒட்டவைக்கலாம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவள்தான் அருணா. மண்டையில் இப்போதுதான் ஏறியது. தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்யாவின் முறை வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. பிள்ளைகள் சைக்கிளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னிக்கி சத்யா மொறை. அவ வரல, ஆனா வண்டி அவளுதுதான். யாரும் தொடக்கூடாது," என்றாள் அருணா.

ஆயா அஞ்சம்மாள் முணுமுணுத்தாள். "இன்னா டீச்சர் இது பேஜாரு! சும்மா கெடக்குற வண்டிய குடுத்தா இன்னா? எல்லாம் அழுதுகினு கீதுங்க."

அருணா அசையவில்லை. சத்யா திரும்பி வருகிற வரைக்கும் சைக்கிள் மூலையிலேயே நின்றது. வந்ததும் கோபால்தான் ஆத்திரமாகச் சொன்னான்: "உன் வண்டிய டீச்சர் யாருக்குமே குடுக்கல!" சத்யா அவனைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், அருணாவைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, மிதிக்காமலே வெகுநேரம் இருந்தாள்.

உடனே திருந்திவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறமும் ஒருமுறை கோபாலின் சட்டையைக் கவ்வினாள். சட்டையோடு விட்டாளே, அதுவரைக்கும் லாபம்.

ஆனால் அந்தச் சட்டை விஷயம் ரம்யாவின் காதுக்குப் போய்விட்டது. மாசக் கடைசியில் எபினேசர் காப்பகத்துக்குள் நுழையும்போதே அவள் பையோடு நின்றாள். துரத்துவதற்குள் தானே போய்விடும் வீராப்பு.

"நானே நின்னுக்குறேன் சார். இவள பள்ளிப்பட்டுல வுட்டுட்டு வேற வேலை தேடிக்கிறேன்." குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சத்யா கதவைப் பற்றிக்கொண்டாள். அழவில்லை, கடிக்கவில்லை.

"நா வர்ல. இன்னிக்கி கோபாலு. நாளைக்கி வேற பாப்பா. நாளான்னிக்கி நானு. நா வர்லன்னாலும் டீச்சர் வெச்சினு இருப்பாங்க."

ரம்யாவின் கை தளர்ந்தது. "நாளைக்கின்னு நா சொன்னாலே கத்துவாளே டீச்சர்... எத சொன்னாலும் இப்பவே வேணும்பாளே," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மெஷினையே அடக்குகிற தொண்டையைத் தாழ்த்தி, "இப்ப அவளே நாளான்னிக்கின்றா பாரு," என்றாள் அருணா.

எபினேசர் குனிந்து பையை எடுத்து உள்ளே வைத்தார். "ஷிப்டுக்கு நேரமாச்சு, போம்மா," என்றார்.