வீட்டுக்காரர் இருக்காருங்களா?

திருச்செங்கோட்டைச் சுற்றி ரிக் வண்டிக்கு ஆள் போகாத ஊர் கிடையாது. ஆழ்துளைக் கிணறு போட வடக்கே கிளம்பும் ஆண்கள் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. அவர்கள் இல்லாத வீடுகளில் முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் உயிரான அத்தியாயம். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, "வீட்டுக்காரர் ஊர்ல இருக்காருங்களா?" என்று தொடங்கி விடைகளைச் சேர்த்தேன். நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்ட புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினேன். அட்டவணை வந்தது. எல்லா வீட்டிலும் கணவர் இருக்கிறாராம்!

"எல்லாரும் ஊர்லயே இருக்காங்கன்னா எதோட எதை ஒப்பிடுவீங்க? அந்த அத்தியாயத்த எடுத்துடுங்கம்மா" என்றார் சேலத்தில் என் நெறியாளர்.

அவர் சொன்னதில் தவறில்லை. விடையே மாறாத கேள்வியை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. ஆனால் அந்த அட்டவணை பச்சைப் பொய், அதை நான் விடுவதாயில்லை.

கொதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சோலார் பலகை விற்கும் ஒருவர் வாசல் கேட் அருகே வந்து, "வீட்டுக்காரர் இருக்காருங்களா?" என்றார். நான் உள்ளே திரும்பி, "ஏனுங்க, ஆளு வந்திருக்குதுங்க!" என்று குரல் கொடுத்தேன்.

உள்ளே ஒருவரும் இல்லை. என் கணவரும் ரிக்கில்தான், மத்தியப் பிரதேசத்தில்.

அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் ஆண் இல்லை என்று முன்பின் தெரியாத ஆளிடம் எந்தப் பெண் சொல்வாள்? நானே சொல்லவில்லையே.

கேள்வியை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.

"கடைசியா எந்த நோம்பிக்குங்க அவரு ஊட்டுல சாப்புட்டாரு?"

நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. முதல் வீட்டு அக்கா கேட்டைப் பிடித்தபடியே பொரிந்து தள்ளிவிட்டார். "தீவாளி நோம்பிக்கு வந்தவருதானுங்க. பொங்கலுக்குப் போன்ல பேசுனதோட சரி. உங்க ஊட்டுக்காரரு?"

"அவரும் ரிக்குதாங்க. பொங்கலுக்கு வந்துட்டுப் போனாரு."

"அட, மொதல்லயே சொல்றதில்லையா சாமி? உள்ள வா."

முதலில் கேட்ட வீடுகள் அத்தனைக்கும் மறுபடி போய்வந்தேன். இந்த முறை அட்டவணை பேசியது. கணவர் வராத நோம்பிகள் கூடக் கூட, என்ன பயிர் வைப்பது, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பதெல்லாம் மனைவியின் முடிவாகிக்கொண்டே போனது. நெறியாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "அத்தியாயம் இருக்கட்டும்மா" என்றார். இருக்காமல் எங்கே போகும்?

பெருமை தாங்காமல் கணவருக்குப் போன் போட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே எவ்வளவு கேட்டாரோ.

"ரொம்ப சந்தோசம். ஆனா யாராச்சும் வந்து கேட்டா மட்டும், நான் ஊட்டுல இருக்கறேன்னே சொல்லு."

சிரிப்பு வந்தது.

"பொய் சொல்லி அலுத்துப்போச்சுங்க. ஆடி நோம்பிக்கு வந்து நெசமாவே இருங்க" என்றேன்.